புரட்டக் கூடாத முட்டைகள்

எங்கள் சந்தில் யாருடைய கோழி அடைக்கு உட்கார்ந்தாலும் முட்டை வைக்க அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அம்மாவுக்குக் கைராசி என்று பேர். பழைய கூடையில் வைக்கோலைப் பரப்புவாள். ஒவ்வொரு முட்டையையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பாள், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள், பிறகுதான் கூடைக்குள் போகும். கடைசியில் முட்டைகளுக்கு நடுவே ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய், ஓர் இரும்பு ஆணி. இடி இடித்தால் முட்டைக்குள் இருப்பது கலங்கிவிடும், பக்கத்தில் இரும்பு இருந்தால் கலங்காது என்பது அவள் நம்பிக்கை. கொடைக்கானலில் சித்திரை வைகாசி இடி லேசாக இருக்காது. கூரைத் தகரமே அதிரும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய் முன்வரிசையில் முழங்காலிடுகிற அம்மா, ஆணி வைக்காமல் ஒரு கூடையையும் விட்டதில்லை.

நான் மதுரையில் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்து, ஓர் உறைவிடப் பள்ளியின் ஆய்வகங்களில் டெக்னீஷியனாகச் சேர்ந்திருந்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. மைக்ராஸ்கோப் விளக்கு, படம் காட்டும் புரொஜெக்டர், வகுப்பு மணி, சாப்பாட்டுக்கூடத்து மின் அடுப்பு, எதில் கோளாறு என்றாலும் என்னிடம் வரும். எதையும் பட்டியல் போட்டுக்கொண்டு செய்வது என் வழக்கம். அண்ணன் அதைச் சொல்லித்தான் என்னைச் சீண்டுவான்.

"பல்லு வெளக்குறதுக்கும் லிஸ்ட் வச்சிருக்கியா புள்ள?"

அவன் தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அப்பா காலமாகிவிட்டார். வீட்டில் நாங்கள் மூன்று பேர், பிறகு அம்மாவின் கோழிகள்.

பல்லிகள் எங்களிடம் வந்தது உயிரியல் ஆசிரியை வழியாக. அவர் வெளிநாட்டுக்காரர். எல்லோரையும்போல நானும் அவரை மிஸ் என்றே கூப்பிடுவேன். இங்கே வருவதற்குமுன் வடமேற்கே வறண்ட மலைப்பகுதியில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தவர். அந்தப் பக்கத்துப் பல்லிகளில் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் கொண்டுவந்து தன் குடியிருப்பில் கண்ணாடித் தொட்டியில் வளர்த்தார். அவை சுவரில் ஓடுகிற சாதி இல்லை. தரையில் நடப்பவை. ஒரு சாண் நீளம், மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள், பருத்த வால். எல்லாவற்றையும்விட, அவற்றுக்குக் கண்ணிமை உண்டு. வீட்டுப்பல்லிக்கு இமை கிடையாது. நாக்கை நீட்டிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். இவை நம்மைப் பார்த்து நிதானமாகக் கண்ணை மூடித் திறக்கும். தொட்டிக்கு விளக்குப் பொருத்திக் கொடுக்கப் போன நான், அந்த இமைகளைப் பார்த்துக்கொண்டு அடுத்த வேலையை மறந்து நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு விளக்கு கெடாத நாட்களிலும் போனேன்.

மிஸ் ஊருக்கே திரும்பிப் போக வேண்டி வந்தபோது தொட்டியை என்னிடம் கொடுத்தார்.

"முட்டை இடும்," என்றார். "ஆனால் குஞ்சு வந்ததில்லை. இந்தக் குளிரில் வராது. நான் பல முறை பார்த்துவிட்டேன்."

பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார். இதைக் கோழிமுட்டை மாதிரி நினைக்கக் கூடாது. கோழி தன் முட்டையைத் தானே புரட்டிப் புரட்டி வைக்கும். பல்லி அப்படிச் செய்யாது. இட்டு ஒரு நாள் போவதற்குள் கரு, முட்டையின் மேற்பக்கத்து உட்சுவரில் ஒட்டிக்கொண்டுவிடும். பிறகு எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுவே கடைசிவரை மேலே இருக்க வேண்டும். புரட்டினால் கரு அறுந்து மஞ்சளுக்குள் மூழ்கிப் போகும்.

நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். குஞ்சு வராது என்று சொன்னது மட்டும் மனதில் தங்கிவிட்டது. முப்பது டிகிரிக்குச் சற்றுக் குறைவான சூடு, மாறாத ஈரம். இவ்வளவுதான் தேவை. இதைச் செய்ய முடியாதா என்று நினைத்துக்கொண்டே தொட்டியை அண்ணனின் ஜீப்பில் ஏற்றினேன்.

அம்மா வாசலில் நின்று பார்த்தாள்.

"பல்லியையா வளக்கப் போற? ஊருல ஓடுறது பத்தாதா?"

"இந்தக் குளிருக்கு நம்ம வீட்டுல பல்லி எங்கம்மா ஓடுது?"

"அதான் நான் நிம்மதியா இருந்தேன்."

"தலையில விழுந்தா என்ன பலன்னு அந்த மிஸ்ஸுகிட்டக் கேட்டியா?" என்றான் அண்ணன்.

"இது விழாது. இதுக்குச் சுவரு ஏறத் தெரியாது."

அம்மா குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தாள். "ஏறத் தெரியாத பல்லியாம். தேடிப்பிடிச்சு நம்ம வீட்டுக்கு வந்து சேருது பாரு."

ஆனால் தொட்டியை எங்கே வைப்பது என்று தேடியபோது, சமையலறை அடுப்புக்குப் பின்சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் என்று இடம் காட்டியவளும் அவள்தான். அங்கிருந்த விறகையெல்லாம் நகர்த்திக் கொடுத்தாள். அண்ணன் தாண்டிக்குடியிலிருந்து வரும்போது காப்பிச் செடிகளுக்கு அடியில் பிடித்த பாச்சைகளைச் சாக்குப் பையில் கொண்டுவந்தான். முட்டையிடும் பல்லிக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்றதும் அம்மா கோழிமுட்டை ஓடுகளை வெயிலில் காயவைத்து அம்மியில் மாவாக அரைத்தாள். அந்த மாவில் பாச்சைகளைப் புரட்டித் தொட்டிக்குள் விடுவேன். பஜ்ஜிக்கு வாழைக்காயைத் தோய்ப்பதுபோல் இருக்கிறது என்று அண்ணன் சொன்னான். அதற்குப் பிறகு சில நாட்கள் வீட்டில் யாரும் பஜ்ஜி கேட்கவில்லை.

முதலில் வந்த முட்டைகள் பூஞ்சை பிடித்துப் போயின. மணலில் ஈரம் அதிகம். அடுத்தவை காய்ந்து, சுருங்கிய சுண்டைக்காய் வற்றலைப்போல ஆயின. ஈரம் குறைவு. இரண்டிலும் என்ன தவறு என்று எனக்குத் தெரிந்துவிட்டதால் வருத்தம் அதிகம் இல்லை. அடுத்த முறை சரியாக வரும் என்று இருந்தேன். பிறகு அந்த ஆண்டு மார்கழிப் பனியில் ஆண் பல்லி இரையெடுப்பதை நிறுத்தியது. தை பிறந்து அது தேறினாற்போல் இருந்தது. பெண்ணோடு சேர்ந்ததையும் பார்த்தேன். ஆனால் மாசி முடிவதற்குள் ஒரு காலையில் தண்ணீர்த் தட்டின் ஓரத்தில் அசையாமல் கிடந்தது. வால் மெலிந்து குச்சிபோல் ஆகியிருந்தது.

ஒருமுறை சேர்ந்தால் பெண் அந்தப் பருவம் முழுவதும் முட்டையிடக்கூடும். அதனால் எனக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு பருவம்தான். இந்தச் சாதியில் இன்னொரு ஆணுக்கு எங்கே போவேன்? சித்திரையில் பெண் ஈர மணலைப் பறித்து இரண்டு முட்டைகள் இட்டது. அதோடு அதுவும் மெலியத் தொடங்கியது. இனி இந்தப் பருவத்தில் இடாது என்று பார்த்தாலே தெரிந்தது. முட்டைகளுக்கு மங்கிய வெள்ளை நிறம், தோல் போன்ற ஓடு, நீள வாக்கில் பெரிய நாவல்கொட்டை அளவு. இந்த இரண்டும் போனால் எல்லாம் முடிந்தது.

பெட்டியை அதற்கு முன்பே செய்துவைத்திருந்தேன். எஸ்டேட் தேயிலைப் பெட்டி ஒன்று, உள்ளே தெர்மோகோல் அட்டை, ஒரு மூலையில் கறுப்புத் தாள் சுற்றிய சிறிய பல்பு, மேலே கண்ணாடி மூடி. சூட்டை அறிய ஒரு தெர்மிஸ்டர், அதோடு இரண்டு டிரான்சிஸ்டர், பல்பை ஏற்றி அணைக்க ஒரு ரிலே. சூடு குறைந்தால் பல்பு எரியும், கூடினால் அணையும். முட்டைகளை இட்ட அன்றே, இட்டபடியே ஒரு மேசைக்கரண்டியால் மணலோடு அள்ளி பிஸ்கட் டப்பாவுக்குள் இறக்கினேன். ஒவ்வொன்றின் உச்சியிலும் மை பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். ஒரு முட்டையை ஒட்டி, கண்ணாடி வெப்பமானியை மணலில் சாய்வாகச் செருகினேன். டப்பாவைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

ரிலே மாறும்போதெல்லாம் "டக்" என்று ஒரு சத்தம் வரும். வீட்டில் இருக்கும்போது அது காதில் விழுந்துகொண்டே இருக்கும். பல்லி சொல்வதுபோலவே இருக்கும். தொட்டியிலிருந்த நிஜப் பல்லி வாயே திறக்காது. அம்மா ஏதாவது சொல்லி முடிக்கும்போது "டக்" என்றால், அவள் கை தானாகத் தரையை மூன்று முறை தட்டும். "பாத்தியா, அதுவே சொல்லிருச்சு" என்பாள். பிறகு நினைவு வந்து சிலுவை போட்டுக்கொள்வாள்.

"அது ரிலேம்மா."

"என்னமோ ஒண்ணு. சரியான நேரத்துல சொல்லுதுல்ல."

எனக்கு இருந்த கவலை மின்சாரம். கோடையில் மழை வந்தால் மலைப்பாதையில் எங்காவது மரம் விழும், கம்பி அறும், ஊரே இருண்டுவிடும். பகலில் நான் பள்ளியில் இருப்பேன். அதனால் அம்மாவை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். கரண்ட் போனால் ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றித் துண்டில் சுற்ற வேண்டும். மூடியைத் திறந்து டப்பாவுக்கு எதிர்மூலையில் வைக்க வேண்டும். ஆறினால் மாற்ற வேண்டும். முட்டைமேல் கை படவே கூடாது. இதையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டினேன். அம்மா விவிலியம் வாசிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வாசித்தாள்.

"நான் எத்தன கூடைக்கு முட்டை வச்சிருப்பேன். எனக்கு லிஸ்ட் எழுதி ஒட்டுறா."

"இது கோழி இல்லம்மா."

"முட்டை முட்டைதான புள்ள?"

ரிலே "டக்" என்றது. அம்மா தரையைத் தட்டினாள்.

கொஞ்ச நாள் கழித்து, மூடியைத் திறந்து, முட்டைகளை அசைக்காமல் பேனா டார்ச்சைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் உள்ளே இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தன. மேற்பக்கத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள் வேர்போல் பரவியிருந்தன. அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். கோழிமுட்டையிலும் இப்படித்தான் இருக்கும் என்றாள். குரலில் அதுவரை இல்லாத ஓர் ஈடுபாடு இருந்தது. அன்று மாலை கோழிகளை அடைக்கும்போது, வீட்டுக்குள் இரண்டு பிள்ளைகள் இருக்கின்றன, சத்தம் போடாதீர்கள் என்று அவற்றை அதட்டியதைக் கேட்டேன்.

அதன்பிறகு சீசன் கூட்டம் ஏறியது. அண்ணன் வெள்ளனே ஜீப்பை எடுத்தால் இருட்டிய பிறகுதான் வருவான். பள்ளியில் ஆண்டு விழா; ஒலிபெருக்கி, விளக்கு என்று எனக்கும் சோலி சரியாக இருந்தது. மழை வந்தது, இடி இடித்தது, கரண்ட் போய்ப் போய் வந்தது. வீட்டுக்கு வந்ததும் கேட்பேன், அம்மா வெந்நீர்ப் பை வைத்ததைச் சொல்வாள். பெட்டியின் மூடிக் கண்ணாடியில் எப்போதும் நீர்முத்துகள் படிந்திருக்கும். உள்ளே முட்டைகள் தெளிவாகத் தெரியாது. அடிக்கடி திறந்தால் சூடு போகும் என்பதால் நானும் திறக்கவில்லை. வெப்பமானியின் மேல்பாதி மட்டும் தெரியும், அதைப் பார்த்துக்கொள்வேன். சூடு சரியாகவே இருந்தது.

விழா முடிந்த சனிக்கிழமை, மணலுக்கு ஈரம் காட்டத் திறந்தேன். ஓரத்து மணலில் கரண்டி எதிலோ இடித்தது. கிளறினால் ஓர் ஆணி. பக்கத்தில் ஒரு கரித்துண்டு, காய்ந்த மிளகாய்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மா, இது எப்ப வச்ச?"

அம்மா அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பூண்டி மலைக்கிராமத்திலிருந்து வரும் சின்னப் பல் பூண்டு, உரிக்க நேரம் பிடிக்கும். "அந்தப் பேய் இடி இடிச்சுச்சே, அன்னிக்குத்தான். வெந்நிப் பை வைக்கத் தொறந்தேன். பாவம், ரெண்டும் காவல் இல்லாமக் கெடக்கு. ஏன், உன் மிசினுக்கு ஆகாதா?"

"மிளகாயில பூஞ்சை புடிக்கும்மா," என்று சொல்லிக்கொண்டே மிளகாயையும் கரியையும் எடுத்து வெளியே வைத்தேன். அப்போதுதான் முட்டைகளைப் பார்த்தேன். வெப்பமானியை ஒட்டியிருந்த முட்டையின் உச்சியில் என் மைப்புள்ளி இருந்தது. மற்றதில் இல்லை.

சிரிப்பு நின்றது. டார்ச்சை எடுத்து வைத்துப் பார்த்தேன். புள்ளி இருந்த முட்டைக்குள் பெரிய நிழல் ஒன்று நிறைந்திருந்தது, ஓரத்தில் சிவப்பு. மற்றதில் சிவப்பு எங்கும் இல்லை. கலங்கிய மஞ்சள் மட்டும்.

"அம்மா, முட்டையைத் தொட்டியா?"

"கை படக்கூடாதுன்னு எழுதி ஒட்டிருக்கியே, தொடுவனா? கரண்டிக் காம்பாலதான் புரட்டுனேன்."

அம்மா தொடர்ந்தாள்.

"இட்ட நாளா ஒரே பக்கமாவே கெடந்தா அடியில ஒட்டிப் போயிரும் புள்ள. கோழி தானாப் புரட்டிக்கும். இதுக்குத்தான் ஆத்தா பக்கத்துல இல்லையே. நீயும் காலையில போனா பொழுது சாய வார. அதான் நான் காலையில ஒருக்க, சாயந்தரம் ஒருக்க, மெதுவா. அந்த இன்னொன்னுதான் உன் கண்ணாடிக் குச்சில அணஞ்சு கெடக்கு. புரட்டுனாக் குச்சி ஒடஞ்சிருமோன்னு விட்டுட்டேன். அதை நீயே புரட்டிரு."

பூண்டுத் தோலை முறத்திலிருந்து ஊதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் உரிப்பதை நிறுத்தினாள்.

"என்ன புள்ள?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். முட்டை பல காரணங்களால் கெடும். எனக்கே இரண்டு முறை கெட்டிருக்கிறது. ஈரம் என்று சொன்னால் நம்பியிருப்பாள். ஆனால் இன்னொரு முட்டை உள்ளே உயிரோடு இருந்தது. திங்கட்கிழமை நான் வேலைக்குப் போக வேண்டும். நான் இல்லாத பகலில் அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறவள் அவள்தான்.

அதனால் மிஸ் சொன்னதை, சொன்ன விதத்திலேயே சொன்னேன். கரு மேலே ஒட்டிக்கொள்வது, புரட்டினால் அறுந்துபோவது. குரலை உயர்த்தவில்லை. டார்ச்சை வைத்து இரண்டையும் காட்டினேன். வெளிச்சத்தில் முட்டை பார்ப்பதில் அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு பார்வையில் தெரிந்துகொண்டாள்.

"கூமுட்டை," என்றாள்.

பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவினாள். பூண்டு வாடைக்காகக் கழுவுகிறாள் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் கழுவினாள்.

"ரெண்டும் நல்லாத்தான இருந்துச்சு. நானும் பாத்தேன்ல."

"தெரியாமத்தானம்மா செஞ்ச."

"தெரியும்னு நெனச்சுல்ல செஞ்சேன்," என்றாள்.

அண்ணன் மாலையில் வந்ததும் வீட்டில் ஏதோ சரியில்லை என்று கண்டுகொண்டான். விஷயத்தைச் சொன்னேன். சூழ்நிலையை இலகுவாக்கப் பார்த்தான்.

"விடும்மா. நமக்குப் பல்லி ஆம்லெட் குடுத்து வைக்கலைன்னு நெனச்சுக்கோ."

"ஏலே, பேசாமப் போயிச் சாப்பிடு," என்றாள் அம்மா. அவன் பேசாமல் போய்ச் சாப்பிட்டான்.

அடுத்த வாரம் சந்தின் கீழ்முனையில் குடியிருக்கும் அக்கா கூடையோடு வந்தார். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர். அவருடைய கறுப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தது.

"அக்கா, வந்து ஒருக்கா வச்சுத் தாங்களேன். உங்க கை பட்டா ஒண்ணும் வீண் போகாது."

"இப்ப வேண்டாம்," என்றாள் அம்மா. "எனக்கு உடம்பு சரியில்ல. வேற யாரையும் பாத்துக்க."

அக்கா என்னைப் பார்த்தார். நான் கையில் பிடித்திருந்த ரேடியோவைப் பார்த்தேன். அம்மா முட்டை வைக்க மறுத்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தன் கோழிகளில் ஒன்று அடைக்கு உட்கார்ந்தபோதும், அதைத் தண்ணீரில் முக்கி எடுத்து அடையைக் கலைத்துவிட்டாள். பெட்டிப் பக்கம் அவள் வருவதே இல்லை. அதைச் சுற்றிப் பெருக்குவாள், அதன்மேல் துடைப்பம் படாமல். ரிலே "டக்" என்றால் கை தரைக்குப் போவது நின்றுவிட்டது.

இதெல்லாம் ஒரு முட்டையால் வந்தது. இன்னொன்றும் போனால் அம்மாவின் கை இனி எந்தக் கூடைக்குள்ளும் போகாது என்று எனக்குத் தோன்றியது. பல்லிக்குஞ்சு வேண்டும் என்று ஆரம்பித்தது நான். இப்போது அது அம்மாவுக்காகவும் வர வேண்டியிருந்தது.

சீசன் முடிந்து, ஊர் காலியாகி, சாரல் பிடித்துக்கொண்ட பிறகு ஒரு நாள், காலை பத்து மணி வாக்கில் பள்ளியில் கரண்ட் போனது. பெருமாள்மலைப் பக்கம் மரம் விழுந்திருக்கிறது, மாலைக்குமுன் வராது என்றார்கள். நான் மேலாளரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வேகமாக நடந்தேன். மூச்சு வாங்க உள்ளே நுழைந்தபோது அம்மா பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வெந்நீர்ப் பை, துண்டு சுற்றித் தயாராக. பெட்டி மூடியிருந்தது.

"எப்பம்மா போச்சு?"

"கொஞ்ச நேரம் ஆச்சு. ரெண்டு தடவ தண்ணி மாத்திட்டேன். ஆறிறக் கூடாதுல்ல."

"மாத்துன சரி, உள்ள வைக்கலையா?"

"நீ வை."

பையை என்னிடம் நீட்டினாள். சூடாக இருந்தது. வாங்கிக்கொள்ளப் போனவள் நிறுத்திக்கொண்டேன்.

"நீயே வைம்மா. அந்த மூலையில. நான் மூடியப் புடிச்சுக்கிறேன்."

"வேண்டாம் புள்ள."

"நாளைக்கும் கரண்டு போகும். நான் தெனமும் ஓடி வர முடியாது."

மூடியைத் தூக்கினேன். அம்மா சற்று நேரம் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, டப்பாவுக்கு எதிர்மூலையில் பையை இறக்கினாள். துண்டின் நுனி டப்பாவில் படாமல் மடித்துவிட்டாள். கையை எடுத்த பிறகுதான் மூச்சு விட்டாள். நான் மூடியைப் போட்டுவிட்டுப் பள்ளிக்குத் திரும்பினேன். மாலையில் வந்தபோது சூடு அரை டிகிரி கூட இறங்கியிருக்கவில்லை.

அதன்பிறகு, அவளாகச் சொல்லாவிட்டாலும், நான் இல்லாதபோது பெட்டிக்கு முன்னால் உட்காருகிறாள் என்று தெரிந்துகொண்டேன். அவள் கம்பளி அங்கே மடித்துக் கிடக்கும். கோழி உள்ளே வராமல் இருக்க அடுப்படி வாசலில் பலகை ஒன்று குறுக்கே நின்றது.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆய்வகத்தில் பரிசோதனைக் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் வாசலில் வந்து நின்றான். பள்ளிக்குள் அவன் வந்ததே இல்லை. செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தடுமாறிக்கொண்டிருந்தான்.

"வெரசா வா. அம்மா கூட்டியாரச் சொல்லுச்சு. முட்டை வேர்க்குதாம்."

"வேர்க்குதா?"

"அப்படித்தான் சொல்லுச்சு. வேர்த்து, ஒரு பக்கம் ஒடுங்கிப் போச்சாம். செத்துப் போச்சான்னு கேக்கச் சொல்லுச்சு. ஆனா பதிலை மட்டும் வாங்கிட்டு வரக் கூடாதாம், உன்னையும் கூட்டியாரணுமாம்."

ஜீப்பில் ஏறினேன். பொரிக்கும் முன் இந்த முட்டை அப்படித்தான் ஆகும். நீர் கோத்து, ஓடு தளர்ந்து உள்வாங்கும் என்று நான் படித்திருந்தேன். ஆனால் கெட்ட முட்டையும் உள்வாங்கத்தான் செய்யும். எது என்று பார்க்காமல் சொல்ல முடியாது. அண்ணனிடம் அதைச் சொன்னேன். அவன் கேலி எதுவும் செய்யவில்லை. ஏரியைச் சுற்றிப் போகும் சாலையில் மூடுபனிக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு, வழக்கத்தைவிட வேகமாக ஓட்டினான்.

அம்மா பெட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். கம்பளியைப் போர்த்தி, இரண்டு கைகளையும் அக்குளுக்குள் அடக்கி வைத்திருந்தாள். கண்ணாடி மூடியின் நீர்முத்துகளை வெளிப்பக்கமாகத் துடைத்துத் துடைத்துப் பார்த்திருக்கிறாள். துணி பக்கத்தில் கிடந்தது. உள்ளே படிந்த ஈரத்தை வெளியிலிருந்து துடைக்க முடியாது. முத்துகளின் இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறாளே தவிர, மூடியைத் திறந்திருக்கவில்லை.

"நான் ஒண்ணும் செய்யல," என்றாள், நான் கேட்பதற்கு முன்பே.

மூடியைத் தூக்கினேன். முட்டை மணலில் ஒரு பக்கம் ஒடுங்கிக் கிடந்தது. மேலே வியர்வைபோல் நீர்த்துளிகள். என் மைப்புள்ளி கரைந்து நீலமாகப் பரவியிருந்தது. அந்த நீலத்துக்குச் சற்றுத் தள்ளி ஓட்டில் ஒரு கீறல், பிளேடால் கிழித்ததுபோல் நேராக. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கீறல் விழுந்தது.

"வருதும்மா," என்றேன்.

கீறல் அகன்று, அதன் வழியே ஒரு மூக்கு வந்தது. பிறகு தலை முழுவதும் வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டது. ஓட்டிலிருந்து தலையை நீட்டி, மணலில் தாடையை வைத்துக்கொண்டு இளைப்பாறியது. கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட தலை. அம்மா கம்பளிக்குள் கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டதைக் கண்டேன். கோழிக்குஞ்சு இப்படிப் பாதியில் நின்றால் அவள் வெதுவெதுப்பான தண்ணீரில் விரலை நனைத்து ஓட்டை உரித்து உதவுவாள். அதற்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"அதுக்கு முடியல போல," என்றாள் மெதுவாக. "கொஞ்சம் ஒத்தாசை பண்ணலாமா?"

"வேண்டாம்மா. உள்ள இருக்குற மஞ்சள இன்னும் குடிச்சு முடிக்கணும். தானா வரும்."

"சரி."

அது கண்ணைத் திறந்தது. எங்கள் மூவரையும் பார்த்தது. நிதானமாகக் கண்ணை மூடித் திறந்தது.

"ஏலே, இது கண்ணச் சிமிட்டுதுடா," என்றாள் அம்மா அண்ணனிடம், முதல்முறையாகப் பார்ப்பதுபோல. தாய்ப்பல்லியின் முகத்தை அவள் நின்று பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"ஆத்தா ஜாடை," என்றான் அண்ணன்.

ரிலே "டக்" என்றது. யாருடைய கையும் தரையைத் தட்டவில்லை. அம்மாவின் கைகள் கம்பளிக்குள் இருந்தன. ஆனால் அவள் சிரித்தாள்.

குஞ்சு முழுவதும் வெளியே வர மதியம் தாண்டிவிட்டது. வந்ததும் ஓட்டை விட்டு நாலு எட்டு நடந்து, வெப்பமானியின் மேல் கழுத்தை வைத்துப் படுத்துக்கொண்டது. என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

"இப்பத் தொடலாமா?" என்று கேட்டாள் அம்மா.

"நாளைக்கு. தோலு உரிக்கட்டும்."

தலையாட்டினாள். எழுந்து, மரத்துப் போன காலை உதறிக்கொண்டு அடுப்பில் உலை வைத்தாள். அண்ணன் ஜீப் சாவியைக் கையில் எடுத்தபோது, அரிசியைக் களைந்துகொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"போற வழியில கீழ வீட்டு அக்காகிட்ட, கறுப்புக் கோழி மறுபடி அடைக்கு உக்காந்திருக்கான்னு கேளு. இருந்தா நாளைக்கு வெள்ளனே கூடையைக் கொண்டாரச் சொல்லு."

அவன் போன பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அந்த ஆணிய எங்க போட்ட?"

பெட்டியைக் காட்டினேன். டப்பாவின் ஓரத்து மணலில் அது வைத்த இடத்திலேயே இருந்தது. கரியையும் மிளகாயையும் எடுத்த நான், அதை எடுத்திருக்கவில்லை.